ஒரு ஓமுக்கும் கீழே

நண்பருடைய மகளின் மடிக்கணினி, தனக்குள் இருக்கும் என்விடியா கிராபிக்ஸ் சிப்பைக் கண்டுகொள்வதையே நிறுத்திவிட்டது. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். புராஜெக்ட் முழுக்க அந்தச் சிப்பை நம்பித்தான். முதலில் காட்டிய கடையில் "சிப் போச்சு, மாத்தணும்" என்று புது மெஷின் விலையில் பாதியைக் கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகுதான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் சிப் லெவல் வேலை பார்ப்பவரிடம் நண்பர் போனார். நானும் கூடப் போனேன்.

டிரைவரை நீக்கி மறுபடி போட்டதும் பயாஸைப் பார்த்ததும் சீக்கிரமே முடிந்தன. டிவைஸ் மேனேஜரில் இன்டெல் கிராபிக்ஸ் மட்டும்தான் இருந்தது. "பேர் வந்து எரர் கோடு 43 காட்டினா, சிப் ஏதோ பேசுதுன்னு அர்த்தம் சார். பேரே வரலைன்னா முதல்ல கரண்ட் போகுதான்னு பாக்கணும்" என்றபடி திருகுகளைக் கழற்றினார்.

பிறகு எல்லாமே மல்டிமீட்டர்தான். சார்ஜரின் 19 வோல்ட், போர்டுக்குள் நுழைந்ததும் பல கிளைகளாகப் பிரிந்து இறங்குகிறது. கிராபிக்ஸ் சிப்பின் மையத்துக்குப் போகும் லைனில் மீட்டர் ஒரு ஓமுக்கும் கீழே காட்டியது. "இதைப் பாத்துட்டுத்தான் நிறையப் பேர் சிப் ஷார்ட்னு எழுதிடுறாங்க. பெரிய சிப்புக்கு இதுதான் நார்மல்." மெமரி லைனிலும் மீட்டர் அப்படியே காட்டியபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே இவ்வளவு குறைவாக வரவே கூடாது.

அந்த லைனில் வெளியிலிருந்து 1 வோல்ட் ஏற்றி, சுற்றிலும் ஐபிஏ என்னும் சீக்கிரம் காயும் ஆல்கஹாலைத் தடவினார். கரண்டின் பெரும்பகுதி ஷார்ட் ஆன இடத்தில்தான் பாயும். அந்தப் பாகம்தான் முதலில் சூடாகும். கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்றின் மேல் மட்டும் ஈரம் சட்டென்று காய்ந்தது. அதை எடுத்துவிட்டு, பழைய போர்டு ஒன்றிலிருந்து கழற்றியதை வைத்தார். என்விடியா பெயர் திரும்பி வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் அப்படிப்பட்ட போர்டுகள் குவிந்திருந்தன, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கியவை.

இவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். ஐடிஐ முடித்து, தினமும் மின்சார ரயிலில் பூங்கா நிலையத்தில் இறங்கி ரிச்சி தெருவில் வேலை பழகியவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. சேறு புகுந்த மெஷின்கள் இவரிடம் வந்தன. போர்டுகளைக் கழுவி, பல் துலக்கும் பிரஷால் சிப்புகளின் கால்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து, முடிந்தவற்றை மீட்டார். சொந்தமாக வேலை பார்க்கலாம் என்ற தைரியம் அதில்தான் வந்தது என்றார்.

இவர் கடையில்லாதவர். முகப்புக் கடைகள் மெஷினை வாங்கி இவரிடம் ஜாப் ஒர்க்காக அனுப்புகின்றன. வாடிக்கையாளர் கொடுப்பதில் சிறு பங்குதான் இந்த மேசைக்கு வருகிறது. கோளாறைக் கண்டுபிடித்த கைக்குக் கூலி, ரசீது கிழித்த கைக்கு லாபம். இது அநியாயம். அதைவிடக் கொடுமை, செத்த சிப்பைச் சூடுகாட்டிவிட்டு, அதன் அடியிலுள்ள சால்டர் குண்டுகளை மாற்றியதாக, "ரீபாலிங்" என்று பில் போடுவது. 2008 ஜூலையில் என்விடியாவே தன் மடிக்கணினிச் சிப்புகள் சிலவற்றின் உள்கட்டுப் பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. உள்ளே விரிசல் விட்ட அப்படிப்பட்ட சிப், சூடு பட்டால் சில வாரம் ஓடும், பிறகு நிற்கும். கடைக்காரர்கள் கேட்டும் அந்த வேலையை இவர் செய்வதில்லை. அதனால் வரத்து குறைந்திருக்கிறது.

கம்பெனிகளும் சர்க்யூட் படங்களை இவரைப் போன்றவர்களுக்குத் தருவதில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தது, அந்த டிசம்பரிலேயே ஒரு இணையதளமும் திறந்தது. ஆனாலும் இவர் இன்றும் ஒவ்வொரு மாடலின் படத்தையும் டெலிகிராம் குழுக்களில் தன் கைக்காசு போட்டுத்தான் வாங்குகிறார்.