ஆரோவில் கூடை நம்ம வீட்டுக்குச் செட் ஆகுமா?

ஆரோவில் போனால் சாலிட்யூட் பண்ணையை மிஸ் பண்ணாதீங்க. 1996-ல் தொடங்கிய இந்தப் பண்ணையை நடத்துபவர், தமிழில் பேசி அசத்தும் இங்கிலாந்துக்காரர் கிருஷ்ணா மெக்கென்ஸி. நாம் களை என்று பிடுங்கி எறியும் செடிகள்கூட இங்கே சாலட்டுக்குப் போகின்றன!

பண்ணைக் கூடைத் திட்டங்களில் முன்பணம் கட்டினால் வாராவாரம் காய்கறி வரும். என்ன காய் என்பதை நிலமும் பருவமும்தான் முடிவு செய்யும். அங்கேதான் சிக்கல்.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டுமே. இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். ஆசைப்பட்டு ஒரு கூடைத் திட்டத்தில் சேர்ந்தேன். வாழைப்பூ ஆய நேரமில்லாமல் கறுத்தது, கீரை வாடியது. அம்மாவிடம் செம திட்டு!

ஊருக்குப் போகும் வாரம் கூடையை நிறுத்தலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

இப்போது பக்கத்து வீட்டு அக்காவுடன் பாதிப் பாதி. வாழைப்பூ அவருக்கு, கீரை எங்களுக்கு.