ஈரி ஏரிக் கரையிலே

வட அமெரிக்காவிலுள்ள ஐந்து பேரேரிகளில் ஆழம் குறைந்தது ஈரி. ஏரி என்றவுடன் நம் ஊர் மதகையும் கரையோரத்துக் கருவேல மரங்களையும் நினைத்துக்கொள்ளும் நேயர்கள், அந்த நினைப்பைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். சுமார் 25,700 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள ஜலப்பரப்பு அது. அக்கரை கண்ணுக்குத் தெரியாது, அலை எழும்பும், புயல் வீசும். கடலுக்குரிய லக்ஷணங்களில் உப்பு ஒன்றுதான் அதற்கு இல்லை.

டிட்ராய்ட் நகரத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் மோட்டாரில் சென்றால், ஏரியின் மேற்குக் கரையில் மன்ரோ என்னும் சிறு பட்டணத்தை அடையலாம். அவ்வூர் வழியாக ஓடி ஏரியில் கலக்கும் ஆற்றுக்கு ரேஸின் என்று பெயர். முற்காலத்தில் வந்து குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள், கரையெங்கும் காட்டுத் திராட்சை படர்ந்திருக்கக் கண்டு வைத்த பெயர் அது. இப்போது அந்தக் கரைக்குப் போகிறவர்களின் கவனத்தைக் கவர்வது திராட்சையன்று. காலடியில் நறநறவென்று நொறுங்கும் கிளிஞ்சல்கள்தான். விரல் நகத்தளவேயுள்ள கிளிஞ்சல்கள், பழுப்பும் வெளுப்புமாய் வரியோடி, அலை ஒதுக்கிய இடங்களில் வரப்பைப் போல் குவிந்து கிடக்கின்றன. பாதரக்ஷை இல்லாமல் நடந்தால் உள்ளங்கால் கிழிபடும். வரிக்குதிரை மட்டி என்று இந்தப் பிராணிக்கு அங்கே பெயர்.

இதன் பூர்வீகம் அமெரிக்கா அல்ல. கருங்கடலையும் காஸ்பியன் கடலையும் சார்ந்த நதிகளில் வாழ்ந்தது. ருஷியாவில் யாத்திரை செய்த பல்லாஸ் என்னும் ஜெர்மானிய சாஸ்திரி 1771-ல் இதை முதன்முதலாக வர்ணித்து எழுதினார். ஐரோப்பாவில் நதிக்கு நதி கால்வாய் வெட்டியதும் படகுகளோடு மேற்கே நகர்ந்து, 1824-ல் லண்டன் துறைமுகத்தில் காணப்பட்டது. அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடப்பதற்கு அதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்குமேல் பிடித்தது. சரக்கில்லாத கப்பல் நிலை தடுமாறாமலிருக்கப் பழைய நாளில் கல்லையும் மணலையும் அடிப்பாரமாக ஏற்றுவார்கள். பிற்காலத்தில் துறைமுகத்துத் தண்ணீரையே தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் இறைத்துவிட்டார்கள். அந்தத் தண்ணீரோடு மட்டிக் குஞ்சுகளும் பிரயாணம் செய்தன. 1988-ம் வருஷம் ஜூன் மாதம், டிட்ராய்டுக்கு அருகிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கனடா தேசத்து விண்ட்ஸர் சர்வகலாசாலை மாணவர்களின் கையில் இது அகப்பட்டது. அந்த ஏரியின் ஜலம் டிட்ராய்ட் நதி வழியாக ஈரியில்தான் வந்து விழுகிறது. அப்புறம் சொல்ல வேண்டுமா?

ஒரு பெண் மட்டி வருஷத்தில் பத்து லக்ஷம் முட்டைகள் வரை இடக்கூடும். பொரித்த குஞ்சுக்கு மயிர் போன்ற இழைகள் உண்டு. அவற்றை அசைத்துச் சில வாரங்கள் நீரோட்டத்தோடு மிதந்து திரியும். பிறகு சிறு ஓடு கனத்து, நாக்கைப் போன்ற ஒரு கால் முளைத்து, கீழே இறங்கத் தொடங்கும். அப்போது அதன் அளவு கசகசா விதையில் கால் பங்குதான் இருக்கும். அதன் ஆயுளிலேயே மிகவும் ஆபத்தான கட்டம் இதுவே. இறங்கிய இடம் வெறும் சேறானால் பெரும்பாலும் மரணந்தான். கல்லோ, கட்டையோ, இரும்போ தட்டுப்பட்டால் காலால் தடவிப் பார்க்கும், ஊர்ந்து செல்லும், பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு மறுபடியும் நீரில் மிதக்கும். நுண்ணுயிர்களின் மெல்லிய வழுக்கல் படிந்த பரப்பும், வெயில் படாத மூலையும், சொரசொரப்பான பள்ளமும் அதற்கு உகந்தவை.

இடம் பிடித்துவிட்டால் நடப்பது மிகவும் விநோதமானது. காலின் அடியில் ஒரு காடி ஓடுகிறது. தட்டான் உருக்கிய வெள்ளியை அச்சில் வார்ப்பதைப் போல, தன் உடம்பில் சுரக்கும் பசையை அந்தக் காடியில் வார்க்கிறது. பசை இறுகி நூலாகி, அதன் நுனி ஒரு சிறு வில்லையாய்ப் பரப்பின்மேல் ஒட்டிக்கொள்கிறது. காலை எடுத்து, சற்று விலக்கி வைத்து, மறு நூல். நன்றாய் வளர்ந்த மட்டி நூற்றுக்கணக்கான நூல்களால் தன்னைக் கட்டிக்கொள்கிறது. இளமையில் இடம் சரிப்படாவிட்டால் நூற்கட்டை உதறிவிட்டு வேறிடம் போய்ப் புதிதாகக் கட்டுவதும் உண்டு. முன்னால் வந்தவனின் ஓடே பின்னால் வருகிறவனுக்குத் தரையாகிவிடுவதால், குடியேற்றத்துக்கு இடப் பஞ்சம் என்பதே கிடையாது.

இப்பேர்ப்பட்ட பிராணிக்கு ஒரு மாளிகை கட்டிக் கொடுக்க நினைத்தால், குடிதண்ணீர்க் குழாயைவிடச் சிறந்தது வேறு ஏது? உள்ளே இருட்டு, கொத்தித் தின்ன வாத்து இல்லை, ஆகாரத்தைச் சுமந்துகொண்டு ஜலம் இடைவிடாமல் ஓடிவருகிறது. வேகம் மிக அதிகமானால்தான், அதாவது விநாடிக்கு ஒன்றரை இரண்டு மீட்டருக்குமேல் போனால்தான், குஞ்சுகளால் ஒட்ட முடிவதில்லை. 1989-ம் வருஷம் டிஸம்பரில் மன்ரோ பட்டணத்தின் குழாய் அடைபட்டது. பனிக்கட்டியும் மட்டியோடு சேர்ந்துகொண்டது. கண்ணெதிரே கடல் போன்ற நன்னீர் கிடக்க, வீட்டுக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பள்ளிக்கூடங்களும் கடைகளும் மூடப்பட்டன. அவ்வூர் மின்சார நிலையத்துக்கு நீர் செல்லும் கால்வாயில் ஒரு சதுர மீட்டரில் ஏழு லக்ஷம் மட்டிகள் வரை எண்ணினார்கள். இப்போதெல்லாம் குழாயின் வாயிலேயே குளோரின் முதலிய மருந்துகளைச் செலுத்தி, குஞ்சு நூல் நூற்கு முன்பே அதைத் தீர்த்துவிடுகிறார்கள். நூற்றபின் சுரண்டுவது பெரும் பாடு.

குழாய்க்காவது காவல் உண்டு. ஏரியின் பூர்வ குடிகளான பெரிய மட்டிகளுக்கு அதுவும் இல்லை. அவை நூல் நூற்று ஒட்டிக்கொள்வதில்லை. பாதி உடம்பைச் சேற்றில் புதைத்துக்கொண்டு சாவதானமாக வாழ்கிறவை. சேறே நிறைந்த அடித்தளத்தில் கெட்டியான பரப்பு எது? இவற்றின் முதுகுதான்! ஒன்றன்மேல் ஆயிரக்கணக்கில் புதியவை ஏறின. ஓட்டைத் திறக்கவும் மூடவும் முடியாமல், ஆகாரமும் கிட்டாமல் அவை மாண்டன. சில வருஷங்களுக்குள் செயின்ட் கிளேரிலும் ஈரியின் மேற்குப் பகுதியிலும் பெரும்பாலான இடங்களில் அவை இல்லாமற் போயின. வரிக்குதிரை மட்டி ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு லிட்டர் வரை ஜலத்தை வடிகட்டுவதால் ஏரி முன்னைவிடத் தெளிந்தது. அதைக் கண்டு களித்தவர்களும் உண்டு. மீனுக்கு ஆகாரமாகும் நுண்ணுயிர்களை வாரித் தின்றதால் வந்த தெளிவு அது. அதை அழகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கதை இதோடு நிற்கவில்லை. இதன் பங்காளியான குவாக்கா மட்டி பின்னாலேயே வந்தது. சேறும் ஆழமும் குளிரும் அதற்குத் தடையல்ல. மிச்சிகன் ஏரியின் அடித்தளத்தில் இப்போது அதன் ராஜ்யந்தான். 1993 முதல் கப்பல்கள் நடுச் சமுத்திரத்தில் தொட்டி நீரை மாற்றிக்கொண்டே வர வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனால் படகை வண்டியில் ஏற்றிச் சாலை வழியே கொண்டுபோகிறவனை யார் தடுப்பது? 2007 ஜனவரியில் மேற்குப் பாலைவனத்து மீட் ஏரியில் குவாக்கா தென்பட்டது. 2021-ல் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்க விற்கப்பட்ட பாசி உருண்டைகளிலே வரிக்குதிரை மட்டி இருந்ததாம்!

ஈரியின் ஒஹையோ கரையில் மெட்ஸ்கர் சதுப்பு என்று ஓரிடம் இருக்கிறது. 1996-ல் அங்கே ஜலத்தை வடித்தபோது, அழிந்ததாக நினைத்த பழைய மட்டிகள் ஆயிரக்கணக்கில் உயிரோடு அகப்பட்டன. அங்கே சேறு மிருதுவானது. கோடையில் ஜலம் வெதுவெதுப்பானது. அந்த வெப்பத்தில் அவை சேற்றுக்குள் முழுவதும் புதைந்துகொள்ளும். முதுகில் ஏறியவை சேற்றில் மூச்சு முட்டி இறந்துவிட, மறுபடி மேலே வரும்போது அவற்றின் ஓடு சுத்தமாயிருக்கும்.