சர்வேயர் கழித்த தொகை

மரக்காணத்தில் உப்பு லாரிக்கு முதலில் போவது எஞ்சின் இல்லை, தளம். சில வருஷம் தொடர்ந்து உப்பு ஏற்றிய வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால் தகரத்தின் ஓட்டை வழியாக வானம் தெரியும். உப்பு இரும்பைத் தின்னும் என்பது ஊரறிந்த விஷயம். எப்படித் தின்கிறது என்பதை, வக்கீலான நான், ஒரு காப்புரிமை வழக்குக்காகத்தான் படித்தேன். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் தானாகக் கசியும். பாத்தியில் வாரிய உப்பு அவ்வளவு சுத்தமில்லை. அதோடு மெக்னீசியம் குளோரைடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதற்கு 33 சதவீதமே போதும். ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் கழுவெளி ஏரியுமாக இருக்கிற ஊரில் காற்று அதற்குக் கீழே காய்வது அபூர்வம். ஆகவே மழையே இல்லாத மாசி மாதத்திலும் லாரியின் தளம் ராத்திரியெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறுகிறது. குளோரைடு இரும்பை மேலோட்டமாக அரிப்பதோடு நிற்காது, புள்ளி புள்ளியாகத் துளைக்கவும் செய்யும். வெல்டிங் வைத்த இடங்கள் முதலில் போகும்.

அந்தக் காலத்து லாரிகளில் மரப்பலகைத் தளம். பலகையை உப்பு ஒன்றும் செய்யவில்லை, ஆணியைத் தின்றது. தகரத் தளம் வந்த பிறகு கிழிந்த தார்ப்பாய், சாக்கு, கீற்று என்று விரித்துப் பார்த்தார்கள். விரித்ததன் அடியில் ஈரம் மாட்டிக்கொண்டு இன்னும் வேகமாக அரித்ததுதான் மிச்சம். இது போக ரிட்டர்ன் லோடு தொல்லை. உப்பை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சிமென்டோ அரிசியோ ஏற்றலாம் என்றால், தளத்தைப் பார்த்ததும் மூட்டைக்காரர் முகத்தைச் சுளிப்பார். ஐப்பசி, கார்த்திகையில் உப்பளம் தண்ணீருக்குள் கிடக்கும்போது அதே லாரிகள் சவுக்கு ஏற்றப் போகும். சவுக்குக் கட்டைகள் உருளும், வழுக்கும். இறுக்கிக் கட்டினால் கயிறு சைடு பலகையை இழுக்கும். உப்பு தின்ற பலகை கையோடு வரும்.

என் கட்சிக்காரர் திண்டிவனம் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். இந்தத் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வேலை செய்தார். சுரங்கத்தில் ஓடித் தேய்ந்து ஏலத்துக்கு வரும் கன்வேயர் பெல்ட் ரப்பரை வாங்கி, லாரித் தளத்தின் அளவுக்கு வெட்டி, நான்கு ஓரத்தையும் மேலே மடித்துத் தட்டாக்கினார். தட்டின் அடியில் ரப்பர் பட்டைகளை வரிசையாக ஒட்டினார்; அதனால் தட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. இறங்குகிற தண்ணீர் பின்பக்கம் வடிந்துவிடும், காற்றும் ஓடும். மடித்த ஓரத்தைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் சி-சேனல். அந்தச் சேனலின் வாய்க்குள்ளேயே கொக்கிகளைச் செருகி, முன்னும் பின்னும் தள்ளி, வேண்டிய இடத்தில் பின் போட்டு நிறுத்தலாம். கயிற்றின் இழுப்பு பலகைக்குப் போகாது; சேனல் வழியாக அடிச்சட்டத்துக்குப் போய்விடும். நாலு போல்ட்டைக் கழற்றினால் தட்டு முழுசாக வெளியே வந்துவிடும், சிமென்டுக்குத் தளம் சுத்தம்.

2018-இல் அவருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. வெளியூர் நிறுவனம் ஒன்று இதே அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது. உற்பத்தியை உடனே நிறுத்த வேண்டும், விற்றதற்கெல்லாம் கணக்குக் காட்ட வேண்டும், நஷ்டஈடு தர வேண்டும் என்று வழக்கமான மூன்று மிரட்டல். நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திண்டிவனத்தில் என் ஆபீசுக்கு வந்தார்.

“சார், நான் செஞ்சத நான் செய்யக் கூடாதுன்னு எழுதியிருக்கான் சார்.”

அவர்கள் இவரிடமிருந்து திருடினார்கள் என்று அன்றும் நான் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். ஒரே துரு, ஒரே கயிறு. இரண்டு பேருக்கு ஒரே யோசனை வருவதில் அதிசயமில்லை. சட்டம் கேட்பதும் அதையல்ல. அவர்கள் விண்ணப்பம் போட்ட தேதிக்கு முன்னால் இந்தப் பொருள் இந்தியாவில் வெளிப்படையாகப் பயன்பாட்டில் இருந்ததா, அவ்வளவுதான். விண்ணப்பத் தேதி 2012-ஆம் வருஷக் கடைசி.

கோர்ட்டுக்குப் போவது எனக்கு இஷ்டமில்லை. காப்புரிமை மீறல் வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போட முடியாது. நாம் எதிர்வழக்காக ‘இந்தக் காப்புரிமையே செல்லாது’ என்று சொன்னால் இரண்டும் சேர்ந்து உயர்நீதிமன்றத்துக்கு மாறிவிடும். பஜாஜும் டிவிஎஸ்ஸும் ஒரு எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் உரிமைக்காகச் சென்னையில் மோதியது நினைவிருக்கும். 2007-இல் தொடங்கிய சண்டை. இடைக்காலத் தடை கிடைத்து, அது நீங்கி, 2009 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட வழக்குகளை நாள்தோறும் விசாரித்து நான்கு மாதத்தில் முடியுங்கள் என்று உச்சநீதிமன்றம் அப்போது சொன்னது. நல்ல வார்த்தை. அதை நம்பி ஒரு வெல்டிங் பட்டறையை நான் அடகு வைக்க முடியாது.

இன்னொரு வழி 1970-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 25(2) பிரிவு. காப்புரிமை கொடுத்த செய்தி வெளியான நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள், சம்பந்தப்பட்ட யாரும் காப்புரிமை அலுவலகத்திலேயே ஆட்சேபணை போடலாம். எங்களுக்கு இன்னும் சில மாதம் பாக்கி இருந்தது. சென்னையில் இருந்த பேட்டன்ட் ஏஜென்ட் நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டேன். சட்டம் என் பொறுப்பு, வரைபடம் அவர் பொறுப்பு.

சாட்சியத்தில்தான் முட்டிக்கொண்டோம். 2012-க்கு முன் எத்தனை தட்டு போட்டீர்கள் என்றேன். யோசித்து, இருபது முப்பது வண்டி இருக்கும் என்றார். பில்?

“பில்லு போட்டா மரக்காணத்துல யார் சார் வாங்குவாங்க?”

பில் இல்லை. வரைபடம் இல்லை, அளவெல்லாம் பட்டறைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது, அந்தச் சுவருக்கும் வெள்ளையடித்தாகிவிட்டது. போட்ட லாரிகளில் பல காயலான் கடைக்குப் போய்விட்டன. ஓடிக்கொண்டிருந்த ஒன்றிரண்டில் தட்டு எந்த வருஷம் ஏறியது என்று காட்ட வழியில்லை. லாரிக்காரர்கள் பிரமாண வாக்குமூலம் தரத் தயார். ஆனால் ஒரே ஊர், ஒரே தொழில், அத்தனை பேரும் ஒரே வாசகத்தில் கையெழுத்து என்றால் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். இரும்பு வேலையில் எல்லாமே இரும்பில்தான் இருக்கிறது; காப்புரிமை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் காகிதம் வேண்டும்.

வழியைக் காட்டியது ‘தானே’ புயல். 2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்த புயல் அது. அந்தக் காற்றில் உப்பளச் சாலையோரம் நின்ற ஒரு காலி லாரி ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டது. சாட்சி கேட்டுப் போன இடத்தில் அதன் உரிமையாளர், தட்டைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், இன்சூரன்ஸ்காரனைத் திட்டத் தொடங்கினார். வந்த சர்வேயர் நஷ்டக் கணக்கில் ஒரு தொகையைக் கழித்துவிட்டாராம். எதற்கு? “அந்தத் தட்டுக்குத்தான்! பாலிசியில எழுதலியாம்.”

என்னால் உட்கார முடியவில்லை. அந்தக் காகிதம் இருக்கிறதா என்றேன். இருந்தது. அதுமட்டுமில்லை, மனுஷர் விடாமல் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டு, அங்கேயும் தோற்றிருந்தார். தோற்ற வழக்கின் கட்டைத் தூக்கிப் போடாமல் பீரோவில் வைத்திருந்தார். மன்றத்தில் சான்றிட்ட நகலும் வாங்கிக்கொண்டோம்.

2012 ஜனவரி தேதியிட்ட சர்வேயர் அறிக்கையில் ஒரு வரி: தளத்தின் மேல் கூடுதலாகப் பொருத்திய ரப்பர் தட்டு, பக்கச் சேனல், கொக்கிகள், வாகனத்தின் மூல அமைப்பில் சேராதவை, ஆகவே கழிக்கப்பட்டது. அதோடு நாலு புகைப்படம். அவற்றில் மூன்றாவதை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. நிற்கிற லாரியைப் படம் எடுத்தால் தளம் தெரியாது. இது சாய்ந்த லாரி. பின்கதவு பிய்ந்து போயிருந்தது. தளம் முழுசாகச் செங்குத்தாக எழுந்து காமிராவைப் பார்த்து நின்றது. மடித்த ஓரம் தெரிந்தது. சேனல் தெரிந்தது. சேனலுக்குள் நாலு கொக்கி, ஒன்று மட்டும் சறுக்கி ஒரு கோடிக்குப் போயிருந்தது. நகரும் கொக்கி என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? பின் ஓரத்தில் ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு: இரண்டு விரல் இடைவெளி. லாரியே கவிழ்ந்தும் தட்டு இடத்தை விட்டு அசையவில்லை.

கிண்டியில் ஜிஎஸ்டி சாலையோரம் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தில் விசாரணை. ஆட்சேபணைக் குழு மூன்று பேர் கொண்டது. காகிதங்களைப் பார்த்து அது முதலில் தன் பரிந்துரையைத் தரும். இறுதி முடிவு கட்டுப்பாட்டாளருடையது. எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர், சென்னைக்காரர். புகைப்படம் பொய் என்று அவர் சொல்லவில்லை. வேறு இடத்தில் பிடித்தார். உப்புக்கு அடியில் கிடக்கிற தட்டை யார் பார்த்தார்கள்? ஓர் ஊரில் ஒரு பட்டறை, சில வண்டிகள். மறைந்து கிடக்கும் பொருள் ‘வெளிப்படையான பயன்பாடு’ ஆகுமா?

நல்ல கேள்விதான். அதற்குப் பதில் எனக்கு நெல் வயலிலிருந்து வந்தது. பூட்டாக்ளோர் என்ற களைக்கொல்லி பற்றி மான்சான்டோவுக்கும் கோரமண்டல் இன்டாக் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 1986-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது; எழுதியவர் நீதிபதி சின்னப்ப ரெட்டி. ஒரு பொருள் பொதுவில் தெரிந்திருந்தது என்று சொல்ல, வாங்குகிற ஜனங்கள் அத்தனை பேரும் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டியதில்லை. அந்தத் துறையில் ஈடுபட்டிருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தாலே போதும். இங்கே லாரிக்காரருக்குத் தெரியும், ஏற்றுகூலிக்குத் தெரியும், கழற்றி மாட்டும் கிளீனருக்குத் தெரியும். ரகசியமாக வைத்துக்கொள்ளும்படி யாரும் யாரிடமும் சொல்லவில்லை. போதாதற்கு, சர்வேயர் என்ற வெளியாள் பார்த்து, பேர் சொல்லி எழுதி, காசும் கழித்திருக்கிறார்.

அடுத்து நான் எடுத்தது மிர்சாபூரிலிருந்து வந்த ஒரு வழக்கு. பாத்திரப் பட்டறைகளில் கடைசல் பிடிக்கும்போது பாத்திரம் கழன்று பறந்து ஆளைத் தாக்கும். அதைத் தடுக்கப் பின்னாலிருந்து அழுத்திப் பிடிக்கும் அமைப்பு ஒன்றுக்கு 1951-இல் காப்புரிமை கேட்டு வாங்கியிருந்தார்கள். பிஸ்வநாத் பிரசாத் ராதேஷியாம் வழக்கு என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். 1978 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. தெரிந்த பாகங்களைத் தெரிந்த விதத்தில் சேர்க்கும் பட்டறைச் சீர்திருத்தம் கண்டுபிடிப்பு ஆகாது. பிடி நழுவாமல் ஒரு பொருளை நிறுத்துவது பற்றிய வழக்கு அதுவும்.

சொல்லும்போது எனக்கே உறுத்தியது. எதிரியை வீழ்த்த நான் எடுத்த கத்தி என் கட்சிக்காரரையும் ‘வெறும் பட்டறைச் சீர்திருத்தக்காரர்’ ஆக்குகிறதே. பல ஊரில் பல வருஷம் பல பேர் துருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் அல்லவா ரப்பரை வெட்டினார்? ஜெர்மனியில் 1891-இலிருந்தே இப்படிப்பட்ட சிறு கண்டுபிடிப்புகளுக்கென்று தனிச் சட்டம் உண்டு. இங்கே 2011-இல் மத்திய அரசு அது பற்றி ஒரு விவாதக் குறிப்பு வெளியிட்டது. சட்டம் வரவில்லை.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் டீக்கடையில் அவரே கேட்டார்: “அப்போ பேட்டன்ட் எனக்குத்தான சார் வரணும்?”

வராது என்று விளக்க வேண்டியிருந்தது. 2012-க்கு முன் ஊரறிய விற்றோம் என்று நிரூபித்துத்தான் அவர்கள் காப்புரிமையை உடைக்கிறோம். அதே நிரூபணம் நமக்கும் கதவைச் சாத்துகிறது. டீயைக் குடித்து முடிக்கும்வரை அவர் பேசவில்லை. பிறகு, “அப்ப யாரு வேணும்னாலும் செய்யலாமா?” என்றார். செய்யலாம் என்றேன். “சரி, செஞ்சிட்டுப் போறான்.”

கன்டெய்னர் கதை எனக்கு அப்போது தெரியாது, தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். 1956 ஏப்ரலில் ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளோடு நூவர்க்கிலிருந்து ஹூஸ்டன் போனதில்தான் கன்டெய்னர் யுகம் தொடங்குகிறது. பெட்டியின் மூலையைப் பூட்டி நிறுத்தும் முறுக்குப் பூட்டு கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளரின் வேலை. அதன் காப்புரிமையை 1963-இல் முதலாளி மெக்லீனின் நிறுவனம் எல்லோருக்கும் இலவசமாக விட்டுக்கொடுத்தது. இன்று எந்தத் துறைமுகத்திலும் எந்தப் பெட்டியும் எந்த டிரெய்லரிலும் பொருந்துவது அதனால்தான்.

ஆணை வர நாளானது. அவர்கள் காப்புரிமையின் முதல் உரிமைக்கோரிக்கை (கிளெய்ம்) விழுந்தது. தட்டு, இடைவெளி, சேனல், நகரும் கொக்கி எல்லாம் முன்பே பயன்பாட்டில் இருந்தவை என்று கட்டுப்பாட்டாளர் ஏற்றார். மொத்தக் காப்புரிமையும் விழவில்லை. கொக்கியை நிறுத்த இவர் பின் போடுவார்; அவர்கள் அதற்குப் பதில் ஸ்பிரிங் வைத்த ஒரு பூட்டு செய்திருந்தார்கள், கையுறை போட்ட கையாலேயே அமுக்கி நகர்த்தலாம். அது புகைப்படத்தில் இல்லை, என்னிடம் பதிலும் இல்லை. அந்தப் பூட்டோடு சேர்ந்த அமைப்புக்கு மட்டும் என்று சுருக்கிக் காப்புரிமையைத் திருத்திக் கொடுத்தார்கள். எனக்கு நியாயமாகவே பட்டது. 2023-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, கார் தரைத் தட்டுகள் விற்கும் வெதர்டெக் நிறுவனத்தினரின் ஒரு காப்புரிமையில் இதே தராசைப் பிடித்ததைப் படித்தேன். தட்டு அமோகமாக விற்றிருக்கலாம். தரையோடு ஒட்டிப் பொருந்துவது என்ற அதன் சிறப்பே ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்றால் விற்பனை காப்பாற்றாது என்று தீர்ப்பு.

ஆணையின் நகலை வாங்க வந்தபோது என் கட்சிக்காரர் அதைப் படிக்கச் சொல்லவில்லை. எதிர்த்தரப்பின் வரைபடத் தாளை எடுத்து, ஸ்பிரிங் பூட்டின் மேல் விரலை வைத்தார்.

“சார், இது நல்லா இருக்கு சார். நம்ம பின்னு உப்புல இறுகிப்போயி சுத்தியால அடிச்சுதான் எடுக்கணும். இத அவங்ககிட்ட விலைக்குக் கேட்டா தருவாங்களா?”

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதலில் சந்தேகப்பட்டார்கள், அப்புறம் விலை சொன்னார்கள். அது அதிகம் என்று என் கட்சிக்காரர் நேரில் போய்ப் பேசிக் குறைத்து, முதல் சரக்காக ஒரு பெட்டி நிறையப் பூட்டு வாங்கி வந்தார். இந்த முறை பில்லோடு.