டக் பிரித்த கில்ட்

பட்டுப்பாவாடைக்கு டக் பிடிக்கத் தெரிந்த கைக்குக் கில்ட் என்னும் ஸ்காட்லாந்துக் கொசுவப் பாவாடை அந்நியமில்லை. போடிநாயக்கனூரில் ஒரு பள்ளி பேக்பைப் ஊதும் பைப் பேண்ட் தொடங்க நினைத்தால், வாத்தியத்துக்கு அடுத்து மலைக்கவைப்பது உடைதான். ஸ்காட்லாந்தில் நல்ல கம்பளிக் கில்ட் ஒன்றுக்குப் பல நூறு பவுண்டு ஆகும். அந்தத் தொகையைக் கேட்டதும் பெற்றோர் பின்வாங்கிவிடுவார்கள். பின்வாங்க அவசியமே இல்லை.

ஸ்காட்லாந்து போடிக்கு அவ்வளவு தூரமும் இல்லை. மூணாறு மலைகளில் தேயிலை போட்டது கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனம். அந்தத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தன. இங்கே ரயில் வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1928-ல். பைப்போ ராணுவத்தின் வழியாக வந்தது. வெள்ளைக்காரன் போன பின்னும் காலாட்படைப் பிரிவுகள் அதை விடவில்லை. இன்று ஒன்றிய அரசு நடத்தும் தேசியப் பள்ளி பேண்ட் போட்டியில் மாணவர்க்கும் மாணவியர்க்கும் தனித்தனியே பைப் பேண்ட் பிரிவு உண்டு.

பெரியவர்களின் மரபான கில்ட்டுக்கு எட்டு கஜம், அதாவது ஏழு மீட்டருக்கு மேல், கனத்த கம்பளி பிடிக்கும். ஆகஸ்ட் 15 வெயிலில், போடி மைதானத்தில், ஒரு பிள்ளை அதைச் சுற்றிக்கொண்டு மூச்சுப் பிடித்து ஊத முடியுமா? பாலியஸ்டர் விஸ்கோஸ் கலந்த, கட்டம் போட்ட யூனிஃபார்ம் துணி போதும். தூய பருத்தி கைத்தறி ஆண்டிபட்டிப் பக்கமே கிடைக்கும்தான். ஆனால் மடிப்பு நிற்காது, அரை மணியில் கசங்கிவிடும். 58 அங்குல அகலத் துணியை நீளவாக்கில் இரண்டாக வகிர்ந்தால், நான்கு மீட்டரில் இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கு நான்கு மீட்டர் பட்டை வந்துவிடும். 24 பேர் கொண்ட பேண்டுக்கு 48 மீட்டர்; கட்டம் பொருத்த இன்னும் கொஞ்சம். கட்டம் சிறிதாக இருந்தால் சேதாரமும் குறைவு.

துணியில் சிக்கனம் பிடிக்கலாம். அளவில் கூடாது.

தப்பு நடப்பதும் அங்கேதான். கால்சட்டை நிற்கும் இடுப்பில் டேப்பைச் சுற்றிவிடுவார்கள். கில்ட் நிற்க வேண்டியது தொப்புள் மட்டத்தில். இரண்டு அங்குலம் இறங்கினால் கீழ் ஓரம் முழங்காலை மூடும், பின்பக்கக் கொசுவம் பிட்டத்தின் மேல் விரிந்து தொங்கும், நடை கெடும். பிள்ளையை முட்டி போடச் சொல்லிப் பார்க்க வேண்டும்: ஓரம் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றால் சரி. தரையில் மடிந்து கிடந்தால் நீளம் அதிகம். இடுப்பு, பிட்டம், நீளம் என்று மூன்றே அளவு. ஆனால் 24 பேருக்கும் தனித்தனியே எடுத்தாக வேண்டும். ஸ்மால், மீடியம் என்று மொத்தமாக வாங்கிய பேண்டை அணிவகுப்பில் பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். இருபத்து நான்கு ஓரமும் இருபத்து நான்கு உயரத்தில் ஆடும்.

முன்பக்கம் இரண்டு தட்டையான மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதனால் வாரையும் பக்கிளையும் நகர்த்தி இடுப்பை இரண்டு அங்குலம் கூட்டலாம், குறைக்கலாம். எலாஸ்டிக் வைத்தால் வேலை சுலபம், ஆனால் முன்பக்கம் சுருங்கிப் பாவாடையாகிவிடும். வாரில் நாலு துளை கூடுதலாகப் போடுவதே நல்லது.

இனி டக். வகிர்ந்த பட்டை 29 அங்குலம். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தேவை சுமார் 18. மீந்ததை வெட்டிப் போடாமல், கட்டத்தின் அடர்ந்த கோட்டோடு தையல் மறையும்படி உள்ளே டக் பிடித்துவிட வேண்டும். போடிமெட்டு மாதிரிக் காற்றடிக்கும் இடங்களில் இந்த உள்மடிப்பே லேசான துணிக்குக் கனம் கொடுத்து, அது பறக்காமல் பிடித்துக்கொள்ளும். கொசுவங்களை மேலே பிட்டம் வரை தைத்து, கீழே சும்மா விட்டால் நடக்கும்போது விசிறிபோல் விரிந்து மூடும்.

அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகள் இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பார்கள். தையல்காரர் பிளேடால் டக்கைப் பிரித்து, ஈரத்துணி போட்டு இஸ்திரி போட்டு, வாரில் அடுத்த துளைக்குப் பக்கிளை மாற்றி, மறுபடி முட்டி போடச் சொல்வார்.