எத்தனை டன், எத்தனை மணி வரை

டொராண்டோ மாநகராட்சிக்குக் குப்பை மாற்று நிலையங்கள் ஏழு உண்டு. ஒன்று நாங்கள் வாழும் ஸ்கார்பரோவில். வீட்டு வாசலில் எடுத்த குப்பையை லாரிகள் அங்கே கொட்ட, பெரிய டிரெய்லர்கள் அதை ஏற்றிக்கொண்டு மேற்கே 200 கிலோமீட்டர் அளவு போய், ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகருக்கு அருகிலுள்ள கிரீன் லேன் கிடங்கில் சேர்க்கின்றன. மாநகராட்சி அந்தக் கிடங்கை 2007இல் விலைக்கு வாங்கியது. அதுவரை டொராண்டோவின் குப்பை எல்லை தாண்டி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது; 2010 முடிவில்தான் அது நின்றது.

தமிழ்நாட்டின் அண்ணாகிராமத்திலிருந்து வந்த எனக்கு லாரியும் எந்திரமும் வியப்பில்லை. நான் மனதார மதிப்பது அனுமதிக் காகிதத்தை. ஒன்டாரியோவின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்புதல் பெறாமல் இங்கே குப்பை மாற்று நிலையம் நடத்த முடியாது. எந்தக் குப்பை வரலாம், நாளொன்றுக்கு எத்தனை டன், ஒரே நேரத்தில் எவ்வளவு தேங்கலாம், கதவை எத்தனை மணிக்கு மூட வேண்டும், நாற்றம் கிளம்பினால் என்ன செய்வது, தீப்பிடித்தால் என்ன ஏற்பாடு, புகாரை எப்படிப் பதிவு செய்வது என்று அதில் நிபந்தனைகள் எண் போட்டு வரும். நிலப் பயன்பாட்டு அனுமதி மாநகராட்சியிடம் தனி. 1993ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் உரிமைச் சட்டத்தின் கீழ் இத்தகைய விண்ணப்பங்களைப் பொதுப் பதிவேட்டில் வெளியிட்டு, குறைந்தது 30 நாள் மக்கள் கருத்துக்கு விடுகிறார்கள். ஒப்புதல் வந்த பிறகும் அக்கம்பக்கத்தார் மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்கலாம். அதற்கு 15 நாள்.

எங்கள் குடியிருப்பில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருக்கிறார். பக்கத்திலுள்ள தனியார் குப்பை யார்டைப் பற்றி ஒருநாள் கேட்டார்: “தம்பி, இரவிலயும் லொறி வருது. இது சரியோ?” ஒப்புதலைத் தேடி எடுத்துப் படித்தோம். மூடும் நேரம் அதிலேயே இருந்தது. அக்கா நிபந்தனை எண்ணைக் குறிப்பிட்டு எழுதினார். அதிகாரி வந்து பார்த்தார், இரவு லாரி நின்றது. வெறுமனே நாற்றம், சத்தம் என்று முறையிட்டிருந்தால் யார் காதிலும் ஏறியிருக்காது என்றே நம்புகிறேன்.

ஆனால் இந்தக் காகிதம் எல்லாரையும் காப்பாற்றிவிடவில்லை. கிரீன் லேன் கிடங்குக்கு அருகில் வாழும் ஒனைடா பழங்குடி மக்களின் காற்றில்தான் எங்கள் குப்பையின் நாற்றம் கலக்கிறது. ஸ்கார்பரோவின் தூய்மையைப் புகழும்போது அவர்களை மறப்பது நியாயமில்லை.

ஊரிலிருந்து என் அக்கா மகன் பேசினான். “பலா சீசன் மாமா. சக்கையும் பிளாஸ்டிக் கவருமா ஏரிக்கரையில கொட்டி, சாயங்காலம் நெருப்பு வெச்சிடறாங்க. பாட்டிக்கு மூச்சு முட்டுது.” இந்தியாவில் 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் மாற்று நிலையம் எது என்று வரையறுத்தன. மூடிய வண்டியில்தான் குப்பை போக வேண்டும் என்றன. குப்பைக் கிடங்கு ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றும் அளந்து சொல்லின. ஆனால் அவை முதன்மையாக நகரங்களுக்காக எழுதப்பட்டவை. குப்பையைப் பதப்படுத்தும் இடத்துக்குக்கூட, அந்த விதிகளின்படி நாளொன்றுக்கு 5 டன்னைத் தாண்டினால்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் தேவைப்பட்டது. ஊர் எல்லையில் கொட்டும் குப்பை அவ்வளவு தேறாது. அனுமதி தேவையில்லை என்றால் நிபந்தனையும் இல்லை, பாட்டி எதைக் காட்டி முறையிடுவாள்? பெரிய கிடங்கின் புகைக்குச் சட்டம் இருக்கும்போது, இந்தச் சிறிய குவியலின் புகை மட்டும் நுரையீரலை விட்டுவைக்குமா?

அந்த நிபந்தனைகளை எழுத ஊரில் ஓர் இடம் இருக்கிறது, கிராம சபை. தமிழ்நாட்டில் முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடியது. 2022 ஏப்ரலில் ஆறு முறை என்று அறிவித்தார்கள். வரும் அக்டோபர் 2 கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதச் சொல் என்றேன்: எந்த இடம், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது, எடுத்தது எங்கே போகும், எரித்தால் யார் பொறுப்பு.

“எந்தச் சட்டத்துல இருக்குன்னு கேப்பாங்க மாமா.”

“தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. பிரிவு 110. தெருவைச் சுத்தமா வெச்சிக்கிறதும் ஊர் சுகாதாரமும் ஊராட்சியோட கடமைன்னு அதுல இருக்கு. ஒரு பிரதி எடுத்து, பாட்டியையும் கூட்டிட்டுப் போ.”