வதிலெய்

நாய்க்கு முயல் பிடிக்கச் சொல்லித்தரத் தேவையே இல்லை என்பார் மாமா. "ஓடறத தொரத்துறது அதுங்க ரத்தத்துலயே இருக்குதுடா. வாயில புடிச்சத விடுறதுக்குத்தான் பழக்கணும்."

திருத்தணிக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. வீட்டில் தமிழ் பேசுவோம். நாய்களிடம் மட்டும் தெலுங்கு. 'பட்டுகோ' என்றால் பிடி. 'வதிலெய்' என்றால் விட்டுவிடு.

ஆறேழு மாதம் ஆகும்வரை குட்டியைக் காட்டுப்பக்கம் விடமாட்டார். எலும்பு முற்றாமல் ஓடவிட்டால் கால் கெட்டுவிடும். அதுவரை காய்ந்த முயல்தோலைக் கயிற்றில் கட்டி வாசலில் இழுத்துக்கொண்டு ஓடுவது என் வேலை. செவலை பாய்ந்து கவ்வும். மாமா எதிரில் குந்திக் கையை நீட்டி, குரலை உயர்த்தாமல் "வதிலெய்" என்பார். பிடுங்கமாட்டார், பிடுங்கினால் இன்னும் இறுக்கும். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். விட்டால் ஒரு துண்டு கருவாடு.

பிறகு கிழட்டு நாயோடு சேர்த்து அனுப்புவார். நம் காட்டுமுயல் வளை தோண்டாது. புல்மறைவில் சின்னப் பள்ளத்தில் ஒடுங்கிப் படுத்திருக்கும். காலடி நெருங்கினால்தான் எழும்பும். எழுந்தால் வெட்டி வெட்டித் திரும்பும். செவலை முதல்நாள் தன் வேகத்திலேயே உருண்டு விழுந்தது. சிப்பிப்பாறை, கன்னி மாதிரியான தெற்கத்தி நாய்கள் கண்ணால் பார்த்துத் துரத்துபவை. இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்றே வளர்த்த பீகிள், மூக்கைத் தரையில் வைத்து வாசனை பிடித்துக் குரைத்துக்கொண்டே போகும். எங்கள் செவலைக்குக் கண் கொஞ்சம், மூக்கு கொஞ்சம்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் பிடிப்பது குற்றம். மாமாவுக்குத் தெரியாமல் இல்லை. "வள்ளியே வேடன் வூட்டுப் பொண்ணுதானே" என்று தணிகை மலையைக் காட்டிச் சிரிப்பார். கிருத்திகைக்கு 365 படியும் ஏறிவிட்டு வந்து, மறுநாள் நாயை அவிழ்ப்பார். ஒருநாள் பிடிபட்டு அபராதம் கட்டினார். அத்தையின் தோடு அடகுக்குப் போனது. அன்றோடு வேட்டையை நிறுத்தினார்.

செவலை நிறுத்தவில்லை. விடியற்காலையில் தானே போய், பிடித்ததைக் கொண்டுவந்து வாசலில் போட்டது. அடித்துப் பார்த்தார். கட்டினால் கயிற்றைக் கடித்துக்கொண்டு ஓடியது. பிடி, விடு என்று இரண்டு சொல்தான் அதற்குத் தெரியும். 'போகாதே' என்பதை நாங்கள் யாரும் சொல்லித்தரவில்லை. தோலை இழுத்துக்கொண்டு ஓடியவன் நான்தான்.

கடைசியாக அது கொண்டுவந்த முயலுக்கு உயிர் இருந்தது. காது மட்டும் துடித்தது. மாமா குந்தினார். கையை நீட்டினார். "வதிலெய்."

செவலை உடனே விட்டது. முயல் ஒரு நொடி அப்படியே கிடந்து, பிறகு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் பாய்ந்து மறைந்தது. செவலை துரத்தவில்லை. வாலை ஆட்டியபடி மாமாவின் கையையே பார்த்தது.

அவர் உள்ளே போய்க் கருவாடு எடுத்து வந்தார்.

"இன்னாத்துக்கு மாமா?" என்றேன்.

"சொன்னத கேட்டுச்சே."

அது தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, சந்தையில் வாங்கி வைத்திருந்த இரும்புச் சங்கிலியை அதன் கழுத்தில் மாட்டினார். செவலை கழுத்தை நீட்டிக் கொடுத்தது.