சுடுவதற்கு முன் சுமை கணக்கு!

அலாஸ்காவின் மலைப் பகுதிக்கு மூஸ் வேட்டைக்குப் புறப்படுகிறவர் முதலில் எதைக் கையில் எடுப்பார்? துப்பாக்கியை என்கிறீர்களா? பென்சிலையும் காகிதத்தையும் அம்மா!

மூஸ் என்பது மான் குலத்தின் பீமசேனன். வளர்ந்த ஆண் 1,200 முதல் 1,600 பவுண்டு வரை நிற்கும். பெரியதொன்றில் 500 பவுண்டு இறைச்சி தேறும். (சைவ நேயர்கள் பொறுத்தருள்க!) அதைக் காட்டிலேயே போட்டுவிட்டுக் கொம்போடு நழுவ முடியாது, சட்டம் பிடித்துக்கொள்ளும். உண்ணத்தக்க இறைச்சி முழுவதும் வந்து சேர வேண்டும். கொம்புக்குக் கடைசி நடையில்தான் இடம்.

அரசாங்க நிலம்தான், யாரும் போகலாம். ஆனால் சாலை ஏது? சின்னஞ்சிறு விமானம் ஆற்றோரத்துச் சரளைத் திட்டில் இறக்கிவிட்டுப் பறந்துவிடும். இறங்கிய அன்றே சுடவும் கூடாது. மறுநாள் அதிகாலை 3 மணி வரை பொறுக்க வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தனி ஆள், முதுகில் 80 பவுண்டு என்றால் ஏழு நடை. கூடாரத்திலிருந்து இரண்டு மைலில் சுட்டால் மொத்தம் 28 மைல்! அதில் பாதி சுமையோடு. கால் புதையும் சதுப்பு, ஆளை மறைக்கும் புதர், போதாததற்கு வாசனை பிடித்து வரும் கரடி.

ஆகவே தூரத்து மேட்டில் எத்தனை பெரிய கொம்பு தெரிந்தாலும் அனுபவசாலி தொலைநோக்கியில் ஆசை தீரப் பார்த்துவிட்டு, தேநீருக்கு அடுப்பு மூட்டப் போய்விடுகிறார்.